ஸ்விஃப்ட் யூனிட் டெஸ்டில் எரர் வேறு, எக்செப்ஷன் வேறு, கிராஷ் வேறு

கேள்வி இது: “ஜாவாவில் எக்செப்ஷன் வருகிறதா என்று டெஸ்ட் எழுதிப் பழகியவன் நான். ஸ்விஃப்டில், அரேயில் இல்லாத ஒரு இண்டெக்ஸைக் கேட்டால் எரர் வரும் என்று நினைத்து ‘எக்ஸ்சிடி அசர்ட் த்ரோஸ் எரர்’ போட்டு டெஸ்ட் எழுதினேன். டெஸ்ட் பாஸும் ஆகவில்லை, ஒழுங்காக ஃபெயிலும் ஆகவில்லை. ஓட்டம் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. எரரும் எக்செப்ஷனும் ஒன்றுதானே? டெஸ்டில் எதை எப்படிப் பிடிப்பது?”

ஒன்றில்லை. ஸ்விஃப்ட் ப்ரோக்ராமில் தப்பு வெளிப்படும் வழிகள் மூன்று. ‘த்ரோ’ செய்யப்படும் ஸ்விஃப்ட் எரர் ஒன்று. ஆப்பிளின் பழைய மொழியான ஆப்ஜெக்டிவ்-சி உலகத்திலிருந்து வரும் என்எஸ்எக்செப்ஷன் இரண்டாவது. ப்ராசஸையே அந்த இடத்தில் நிறுத்திவிடும் ட்ராப் மூன்றாவது. உங்கள் அரே இண்டெக்ஸ் மூன்றாவது வகை. நீங்கள் எடுத்த கருவி முதல் வகைக்கானது. அதனால்தான் அது எதையும் பிடிக்கவில்லை. எந்த வகையாக இருந்தாலும் இரண்டே கேள்வி கேளுங்கள்: இதை ஸ்விஃப்ட் கோடால் பிடிக்க முடியுமா? பிடித்த பிறகு ப்ராசஸை நம்பலாமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்று சொல்லக்கூடியது எரர் மட்டும்தான்.

ஜாவாவிலிருந்து வருபவர்களுக்கு இங்கே குழப்பம் வருவது இயல்பு. ஜாவாவில் அரே எல்லையைத் தாண்டினாலும் ஒரு எக்செப்ஷன் ஆப்ஜெக்ட்தான் பிறக்கிறது, ஃபைல் திறக்கவில்லை என்றாலும் அதேபோல ஒன்றுதான் பிறக்கிறது. இரண்டையும் ஒரே ‘கேட்ச்’ பிடிக்கும், ஜேயூனிட்டின் ஒரே அசர்ட்டும் பிடிக்கும். போதாததற்கு, ஜாவாவில் ‘எரர்’ என்ற கிளாஸ் மெமரி தீர்ந்துபோவது போன்ற மீள முடியாத நிலைமைகளுக்கானது. ஸ்விஃப்டிலோ எரர்தான் தினசரி விஷயம். எதிர்பார்த்த, சமாளிக்கக்கூடிய தோல்வி.

எரர் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மற்றது தானாக விளங்கும். ஸ்விஃப்டில் எரர் என்பது ஒரு சாதாரண மதிப்பு. ‘த்ரோஸ்’ என்று குறிக்கப்பட்ட ஃபங்க்ஷன் எரரை வீசும்போது ஸ்டாக்கை (ஒன்றையொன்று கூப்பிட்ட ஃபங்க்ஷன்களின் அடுக்கை) யாரும் பிய்த்து எறிவதில்லை. அது கிட்டத்தட்ட வழக்கமான ரிட்டர்ன்தான். எரர் இருக்கிறதா இல்லையா என்ற தகவல் இதற்கென்று ஒதுக்கிய ஒரு ரெஜிஸ்டரில் போகிறது: 64 பிட் ஆர்ம் சிப்பில் எக்ஸ்21, 64 பிட் இன்டெல் சிப்பில் ஆர்12. கூப்பிட்ட இடத்தில் கம்பைலர் வைத்த சோதனை அந்த ரெஜிஸ்டரைப் பார்த்து, காலியாக இல்லாவிட்டால் கேட்ச் பக்கம் தாவுகிறது, அல்லது எரரை இன்னும் மேலே அனுப்புகிறது. வழியில் இருக்கும் ஒவ்வொரு ஃபங்க்ஷனும் தன் ‘டிஃபர்’ பிளாக்குகளை (வெளியேறும்போது ஓட வேண்டியவை) ஓட்டி, தான் பிடித்து வைத்திருந்த ஆப்ஜெக்டுகளை விடுவித்துவிட்டுத்தான் வெளியேறும். எதுவும் லீக் ஆகாது, எதுவும் பாதியில் தொங்காது. ‘ட்ரை’ என்று எழுதியே ஆக வேண்டும் என்று கம்பைலர் அடம்பிடிப்பதன் காரணமும் இதுவே. எங்கே எரர் வரலாம் என்று தெரிந்தால்தான் அந்தச் சோதனையைக் கம்பைலரால் அங்கே வைக்க முடியும்.

இந்த ஏற்பாடு மொழி பிறந்தபோதே இருந்ததல்ல. 2014இல் வந்த முதல் ஸ்விஃப்டில் த்ரோவும் இல்லை, கேட்ச்சும் இல்லை; என்எஸ்எரர் பாயின்டரைக் கடைசி ஆர்கியுமென்டாக அனுப்பும் ஆப்பிள் ஃப்ரேம்வொர்க்கான கோகோவின் பழைய முறைதான். 2015இல் ஸ்விஃப்ட் 2 இதைக் கொண்டுவந்தது. அந்தப் பழைய முறையில் எழுதப்பட்ட ஆப்ஜெக்டிவ்-சி மெத்தட்கள் இன்று ஸ்விஃப்டில் தாமாகவே ‘த்ரோஸ்’ மெத்தட்களாகத் தெரிகின்றன. ஆப்பிளின் ஏபிஐகளிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் பெரும்பாலான எரர்கள் இந்த வழியில் வருபவை.

என்எஸ்எக்செப்ஷன் வேறு ஜாதி. இது உண்மையிலேயே ஸ்டாக்கை அவிழ்த்துக்கொண்டு மேலே போகும். ஆப்ஜெக்டிவ்-சியிலும் ‘ட்ரை’, ‘கேட்ச்’ உண்டு. ஆனால் ஆப்பிள் உலகத்தில் அவற்றை அன்றாடத் தோல்விகளுக்கு யாரும் பயன்படுத்துவதில்லை. நெட்வொர்க் இல்லை, ஃபைல் இல்லை என்பதற்கு என்எஸ்எரர். ப்ரோக்ராமர் தப்பாகக் கூப்பிட்டுவிட்டார் என்பதற்கு என்எஸ்எக்செப்ஷன். இதுதான் அங்கே நீண்ட நாள் வழக்கம். அதனால் மெமரியைத் தானாக நிர்வகிக்கும் ஏஆர்சியும் எக்செப்ஷன் பாதையில் மெமரியைச் சுத்தம் செய்வதை ஆப்ஜெக்டிவ்-சியில் இயல்பாகவே செய்வதில்லை. வேண்டுமென்றால் தனியாக ஒரு கம்பைலர் ஃபிளாக் போட வேண்டும். ஸ்விஃப்டில் நிலைமை இன்னும் கறார். என்எஸ்எக்செப்ஷனைப் பிடிக்க மொழியில் வழியே கிடையாது. ஒரு எக்செப்ஷன் ஸ்விஃப்ட் ஃபங்க்ஷன்களின் ஊடே பறந்து போனால் அதன் பிறகு என்ன நடக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இதை நீங்களே பார்க்கலாம். ஃபில்டர் நிபந்தனையைக் குறிக்கும் என்எஸ்ப்ரெடிகேட்டை ஒரு ஃபார்மேட் ஸ்டிரிங் கொடுத்து உருவாக்கும் வரியை எடுங்கள். ஸ்டிரிங்கில் ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விடுங்கள். அந்த வரியைச் சுற்றி ‘டூ’, ‘கேட்ச்’ போடுங்கள். கம்பைலர் உடனே எச்சரிக்கும்: டூ பிளாக்குக்குள் எதுவும் எரர் வீசவில்லை, ஆகவே இந்தக் கேட்ச் பிளாக்கை எட்டவே முடியாது என்று. பலர் இந்த எச்சரிக்கையைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் கம்பைலர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. ஓட்டிப் பார்த்தால் ‘என்எஸ்இன்வேலிட்ஆர்கியுமென்ட்எக்செப்ஷன்’ எழும், உங்கள் கேட்ச்சை அது திரும்பிக்கூடப் பார்க்காது. இந்த எச்சரிக்கை வந்தால், நீங்கள் தவறான வகையைப் பிடிக்க வலை விரித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

ஒரே வேலை இரண்டு வகையாகவும் தோற்பதைப் பார்க்க வேண்டுமானால், ஃபைலைப் படிக்கவும் எழுதவும் உதவும் ஃபைல்ஹேண்டிலைப் பாருங்கள். அதன் பழைய ‘ரைட்’ மெத்தட், டிஸ்க்கில் இடமில்லாவிட்டால் என்எஸ்எக்செப்ஷன் எழுப்பும். டிஸ்க் நிறைந்துபோவது ப்ரோக்ராமரின் தப்பு அல்ல, எந்தப் பயனருக்கும் நடக்கக்கூடியது. இருந்தும் ஸ்விஃப்ட் கோடால் அதைச் சமாளிக்க வழியில்லாமல் ஆப் கிராஷ் ஆனது. 2020இல் ஐஓஎஸ் 13.4, மேக்ஓஎஸ் 10.15.4 ஆகியவற்றோடு வந்த ‘ரைட் கன்டென்ட்ஸ்ஆஃப்’ மெத்தட் அதே தோல்வியை ஸ்விஃப்ட் எரராகத் தருகிறது. உங்கள் கோடில் பழைய மெத்தட் இன்னும் இருந்தால், அதற்கு டெஸ்ட் எழுத யோசிப்பதைவிட மெத்தடை மாற்றுவதே சரி. மாற்றியதும் டெஸ்ட் எழுதுவது தானாகவே சுலபமாகிவிடும்.

ட்ராப்புக்கு வருவோம். அரே எல்லை மீறல், நில் (மதிப்பு எதுவும் இல்லை) என்பதை ஆச்சரியக்குறி போட்டுப் பிரிப்பது, இன்டிஜர் ஓவர்ஃப்ளோ, ‘ட்ரை’யோடு ஆச்சரியக்குறி போட்ட இடத்தில் எரர் வருவது, ‘ஃபேட்டல்எரர்’, ‘ப்ரீகண்டிஷன்’ எல்லாம் இந்த வகை. இங்கே யாரும் எதையும் வீசவில்லை. ப்ராசஸர் ஒரு தடைக் கட்டளையை ஓட்டுகிறது, ஆப்பரேட்டிங் சிஸ்டம் ப்ராசஸை முடித்துவிடுகிறது. கிராஷ் லாக்கில் ‘எக்செப்ஷன் டைப்: இஎக்ஸ்சி பிரேக்பாயின்ட்’ என்று பார்த்திருப்பீர்கள். அங்கே சொல்லப்படும் எக்செப்ஷன் கெர்னல் அளவிலானது, என்எஸ்எக்செப்ஷனோடு அதற்கு எந்த உறவும் இல்லை. அதே லாக்கில் ‘சிக்அபார்ட்’ என்று இருந்து, கூடவே பிடிபடாத என்எஸ்எக்செப்ஷனின் பெயரும் காரணமும் இருந்தால் அது இரண்டாவது வகை.

இப்போது இந்த மூன்றும் டெஸ்ட் ஓட்டத்தில் எப்படித் தெரியும் என்று பார்ப்போம். ஃபெயில் ஆன டெஸ்டின் செய்தியை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

டெஸ்ட் மெத்தடிலிருந்து ஸ்விஃப்ட் எரர் வெளியே தப்பினால் ஆப்பிளின் டெஸ்ட் ஃப்ரேம்வொர்க்கான எக்ஸ்சிடெஸ்ட் ‘காட் எரர்’ (பிடிபட்ட எரர்) என்று ஆரம்பித்து எரரின் விவரத்தைச் சொல்லும். அசர்ட்டின் உள்ளே கொடுத்த எக்ஸ்ப்ரெஷனே எரர் வீசினால் ‘எக்ஸ்சிடி அசர்ட் ஈக்வல் ஃபெயில்டு: த்ரூ எரர்’ என்று வரும். என்எஸ்எக்செப்ஷன் என்றால் ‘காட்’ என்ற சொல்லுக்கு அடுத்து மேற்கோள் குறிக்குள் எக்செப்ஷனின் பெயரே இருக்கும், ‘எரர்’ என்ற சொல் இருக்காது. ட்ராப் என்றால் ‘ஃபேட்டல் எரர்: இண்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச்’ போன்ற ஒரு வரி வரும். கமாண்ட் லைனில் எக்ஸ்கோட்பில்டு ஓட்டினால், எதிர்பாராமல் ப்ராசஸ் நின்றதால் மீண்டும் தொடங்குகிறேன் என்று அது சொல்லிவிட்டு மீதி டெஸ்டுகளைப் புது ப்ராசஸில் தொடரும்.

ஓட்டம் முடிந்ததும் வரும் சுருக்க வரியில் ‘1 ஃபெயிலியர்’ என்பதை அடுத்து அடைப்புக்குறிக்குள் ‘1 அன்எக்ஸ்பெக்டட்’ என்றோ ‘0 அன்எக்ஸ்பெக்டட்’ என்றோ இருக்கும். பலர் இந்த எண்ணைக் கவனிப்பதே இல்லை. அசர்ட் பொய்த்துப்போனால் அது எதிர்பார்த்த வகைத் தோல்வி. டெஸ்ட் தன் வேலையைச் செய்திருக்கிறது. எரரோ எக்செப்ஷனோ டெஸ்டை உடைத்துக்கொண்டு வந்தால் அது எதிர்பாராத வகை. டெஸ்ட் கேட்க வந்த கேள்வியைக் கேட்கும் முன்பே ஏதோ நடந்துவிட்டது. 2020இல் எக்ஸ்கோட் 12இல் வந்த ‘எக்ஸ்சிடிஇஷ்யூ’ இதை இன்னும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. அசர்ட் தோல்விக்கு ஒரு வகை, வீசப்பட்ட எரருக்கு ஒரு வகை, பிடிபடாத எக்செப்ஷனுக்குத் தனி வகை. நாற்பது டெஸ்ட் ஒரேயடியாகச் சிவப்பானால் நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். எல்லாமே அன்எக்ஸ்பெக்டட் என்றால், பெரும்பாலும் பொதுவான செட்அப்பில் ஒரே இடத்தில் ஏதோ உடைந்திருக்கும்.

எரரை டெஸ்ட் செய்வதுதான் இதில் பெரிய பகுதி, தப்பு அதிகம் நுழைவதும் இங்கேதான்.

வெற்றிப் பாதையைச் சோதிக்கும் டெஸ்டில் எரர் வரக்கூடாது. அதற்கு டெஸ்ட் மெத்தடையே ‘த்ரோஸ்’ என்று அறிவித்துவிட்டு உள்ளே வெறும் ‘ட்ரை’ எழுதுங்கள், போதும். எரர் வந்தால் டெஸ்ட் ஃபெயில், செய்தியும் கிடைக்கும். ‘அசர்ட் நோ த்ரோ’ என்று ஒன்று இருக்கிறது. அது மதிப்பைத் திருப்பித் தராது என்பதால் எனக்கு அது அபூர்வமாகத்தான் தேவைப்படுகிறது. அதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதே பெயரில் ஆப்ஜெக்டிவ்-சியிலும் ஒரு மேக்ரோ உண்டு. அங்கே அது பார்ப்பது என்எஸ்எக்செப்ஷனை, ஸ்விஃப்டில் பார்ப்பது ஸ்விஃப்ட் எரரை. பழைய ஆப்ஜெக்டிவ்-சி டெஸ்டை வரிக்கு வரி ஸ்விஃப்டுக்கு மாற்றுபவர்கள் பெயர் ஒன்றாக இருப்பதைப் பார்த்து அப்படியே விட்டுவிடுவார்கள். கம்பைல் ஆகும், டெஸ்ட் பச்சையாகவும் இருக்கும், ஆனால் இப்போது அது கேட்கும் கேள்வி ஸ்விஃப்ட் எரரைப் பற்றியது.

தோல்விப் பாதைக்கு ‘அசர்ட் த்ரோஸ் எரர்’. இதைப் பாதியிலேயே நிறுத்திவிடுவதுதான் நான் ரிவ்யூக்களில் அடிக்கடி பார்க்கும் குறை. ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

பெயர், விலை என்று இரண்டு புலங்கள் உள்ள ஒரு பொருளை ஜேசானிலிருந்து டீகோட் செய்கிறீர்கள். விலை இல்லாமல் ஜேசான் வந்தால் எரர் வர வேண்டும் என்பது விதி. டெஸ்டில் விலை இல்லாத ஒரு ஜேசான் ஸ்டிரிங்கைக் கையால் அடித்து, டீகோடரைக் கூப்பிட்டு, எரர் வருகிறதா என்று அசர்ட் செய்கிறீர்கள். பச்சை. ஆனால் ஸ்டிரிங்கை அடிக்கும்போது கடைசி அடைப்புக்குறி விடுபட்டுவிட்டது. டீகோடர் வீசிய எரர் ‘கீ நாட் ஃபவுண்ட்’ அல்ல, ‘டேட்டா கரப்டட்’. விலை இருக்கிறதா என்று பார்க்கும் கட்டத்துக்கே அது போகவில்லை. சில மாதம் கழித்து யாரோ ஒருவர் விலைப் புலத்தை ஆப்ஷனலாக மாற்றுகிறார். இப்போது விலை இல்லாத ஜேசான் எந்த எரரும் இல்லாமல் டீகோட் ஆகும். அதைத் தடுக்கத்தான் இந்த டெஸ்ட் எழுதப்பட்டது. டெஸ்ட் இன்னும் பச்சையாகவே இருக்கிறது.

அசர்ட்டுக்குப் பின்னால் ஒரு க்ளோஷர் கொடுக்கலாம். வீசப்பட்ட எரர் அதற்குள் வந்து சேரும். அங்கே பேட்டர்ன் மேட்ச் செய்து, இது ‘கீ நாட் ஃபவுண்ட்’ தானா, அந்தக் கீ விலைதானா என்று இரண்டையும் பாருங்கள். டீகோடிங்எரர் ஈக்வடபிள் இல்லாததால் நேரடியாக ஒப்பிட முடியாது, ‘கார்ட் கேஸ்’ எழுதித்தான் ஆக வேண்டும். உங்கள் சொந்த எரர் ஈனம்களுக்கு (கேஸ்களின் பட்டியலாக எழுதும் வகைகளுக்கு) இந்தச் சிரமம் தேவையில்லை. ஈக்வடபிள் என்று அறிவித்துவிட்டால் வந்த எரரை உங்கள் வகைக்கு மாற்றி எதிர்பார்த்த கேஸோடு ஒரே வரியில் ஒப்பிடலாம். டெஸ்டுக்காகவே எரர் வகையை ஈக்வடபிள் ஆக்குவது சரியா என்று சிலர் தயங்குவார்கள். தயங்க வேண்டியதில்லை. கூப்பிடுபவருக்கு எந்த எரர் என்பது முக்கியம் என்றால் அதை ஒப்பிட முடிவதும் அந்த ஏபிஐயின் பகுதிதான்.

‘ட்ரை’யோடு கேள்விக்குறி போட்டு, பதில் நில் ஆகிறதா என்று பார்க்கும் டெஸ்டிலும் இதே ஓட்டைதான் இருக்கிறது. கேள்விக்குறி எரரை விழுங்கிவிடும். ஏன் தோற்றது என்ற தகவல் அதோடு போய்விடும். டெஸ்ட் கோடில் அதை நான் அனுமதிப்பதில்லை.

அசிங்க் ஃபங்க்ஷன்கள் (பதிலுக்கு ‘அவெய்ட்’ போட்டுக் காத்திருக்க வேண்டியவை) வந்தால் இன்னொரு இடைஞ்சல். ‘அசர்ட் த்ரோஸ் எரர்’ தன் எக்ஸ்ப்ரெஷனை ஆட்டோக்ளோஷராக (கம்பைலரே க்ளோஷருக்குள் சுற்றித் தருவதாக) வாங்குகிறது. அந்த க்ளோஷர் அசிங்க் அல்ல, அதனால் உள்ளே ‘அவெய்ட்’ எழுத முடியாது. கையால் டூ, கேட்ச் எழுதுவார்கள். அப்படி எழுதும்போது அவெய்ட் வரிக்கு அடுத்த வரியில் ‘எக்ஸ்சிடி ஃபெயில்’ இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எரரே வராத நாளில் டூ பிளாக் சத்தமில்லாமல் முடிந்து, கேட்ச் பிளாக்கில் இருக்கும் அசர்ட்கள் ஓடாமலே, டெஸ்ட் பாஸ் ஆகிவிடும். எரரைப் பற்றிய எந்த டெஸ்டையும் எழுதி முடித்தவுடன், கோடில் அந்த த்ரோ வரியைக் கொஞ்ச நேரம் கமென்ட் செய்து, டெஸ்ட் சிவக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ‘எக்ஸ்சிடி ஃபெயில்’ விட்டுப்போன ஓட்டையை இது உடனே காட்டிக்கொடுக்கும். ஜேசான் உதாரணத்தில் விலையை ஆப்ஷனலாக்கிப் பார்ப்பது அதே சோதனைதான்.

2024இல் எக்ஸ்கோட் 16, ஸ்விஃப்ட் 6 ஆகியவற்றோடு வந்த ‘ஸ்விஃப்ட் டெஸ்டிங்’ என்ற புது டெஸ்ட் ஃப்ரேம்வொர்க் இந்த இடத்தில் நிஜமான முன்னேற்றம். ‘எக்ஸ்பெக்ட் த்ரோஸ்’ மேக்ரோவுக்கு எரரின் வகையைக் கொடுக்கலாம், ஈக்வடபிள் ஆக இருந்தால் குறிப்பிட்ட மதிப்பையே கொடுக்கலாம், அசிங்க் கோடையும் அது ஏற்கும். வகையை மட்டும் கொடுத்தால் ஜேசான் ஓட்டை அப்படியே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். டேட்டா கரப்டட் என்பதும் டீகோடிங்எரர்தானே. ஸ்விஃப்ட் 6.1 முதல் இந்த மேக்ரோ பிடித்த எரரைத் திருப்பித் தருகிறது, அதை வாங்கி உள்ளே பார்க்கலாம். எரர் வரவே கூடாது என்று சொல்ல ‘நெவர்’ வகையைக் கொடுத்தால் போதும்.

டெஸ்டிலிருந்து வெளியேறும் எல்லா எரரும் தோல்வி அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எக்ஸ்கோட் 11.4இல் வந்த ‘எக்ஸ்சிடிஸ்கிப்’ தானும் ஒரு ஸ்விஃப்ட் எரர்தான். அதை வீசினால் டெஸ்ட் தவிர்க்கப்பட்டதாகக் குறிக்கப்படும். ஒருவர் உங்கள் டெஸ்டுக்குள் எல்லா எரரையும் பொத்தாம்பொதுவாகக் கேட்ச் செய்து வைத்திருந்தால் இந்த ஸ்கிப்பும் அதில் மாட்டிக்கொள்ளும்.

என்எஸ்எக்செப்ஷனுக்கு வருவோம். ஸ்விஃப்டால் பிடிக்க முடியாது என்றேன். ஆனால் எக்ஸ்சிடெஸ்டின் உட்பகுதி ஆப்ஜெக்டிவ்-சியில் இருப்பதால் அது பிடிக்கும். டெஸ்ட் மெத்தட் ஓடும் மெயின் த்ரெட்டில் எக்செப்ஷன் எழுந்தால் அந்த டெஸ்ட் ஃபெயில் ஆகி, அடுத்த டெஸ்ட் தொடரும். வசதியாகத் தோன்றும். ஆனால் நடுவிலிருந்த ஸ்விஃப்ட் ஃபங்க்ஷன்கள் சுத்தம் செய்யாமல் போய்விட்டன. ஆப்ஜெக்டுகள் லீக் ஆகியிருக்கலாம், பூட்டிய லாக் பூட்டியபடியே இருக்கலாம். அதற்குப் பிறகு அதே ப்ராசஸில் ஓடிய டெஸ்டுகள் சொல்வதை முழுதாக நம்ப வேண்டாம். முதலில் எக்செப்ஷன் வந்த டெஸ்டைச் சரிசெய்து, மறுபடி ஓட்டிவிட்டு மற்ற சிவப்புகளைப் பாருங்கள். வேறு த்ரெட்டில் எழுந்தால் இந்தப் பாதுகாப்பும் இல்லை, ப்ராசஸ் போய்விடும். ஸ்விஃப்ட் டெஸ்டிங்கில் எழுதிய டெஸ்டிலும் அப்படித்தான்.

பெரும்பாலான சமயம் இந்த எக்செப்ஷனுக்கென்று டெஸ்ட் எழுதத் தேவையில்லை. ஸ்டோரிபோர்டில் இல்லாத ஐடென்டிஃபையரைக் கொடுத்து வியூ கன்ட்ரோலர் கேட்டால் எக்செப்ஷன் வரும். அந்தத் திரையை லோட் செய்யும் டெஸ்ட் இருந்தால் அதுவே ஃபெயில் ஆகி, எந்தப் பெயர் கிடைக்கவில்லை என்றும் சொல்லிவிடும். கேவிசியில் (ப்ராபர்ட்டியைப் பெயரால் அணுகும் முறையில்) இல்லாத கீயைக் கொடுப்பதும், டேபிள் வியூவில் வரிசை எண்ணிக்கை பொருந்தாமல் அப்டேட் செய்வதும் இதே கதை. திருத்த வேண்டியது கோடை.

உண்மையிலேயே பிடித்துத்தான் ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு: எக்செப்ஷனைத் தூண்டும் உள்ளீடு வெளியிலிருந்து வரும்போது. பயனர் எழுதும் ஃபில்டரை என்எஸ்ப்ரெடிகேட்டுக்குக் கொடுக்கும் ஒரு கருவி என்று வையுங்கள். அங்கே ஆப்ஜெக்டிவ்-சியில் ஒரு சின்ன உறை எழுதுங்கள்: ஒரு பிளாக்கை வாங்கி, ட்ரை, கேட்ச்சுக்குள் ஓட்டி, எக்செப்ஷன் வந்தால் அதை என்எஸ்எரராக மாற்றித் திருப்பும் ஃபங்க்ஷன். ஸ்விஃப்டிலிருந்து பார்த்தால் அது சாதாரண த்ரோஸ் ஃபங்க்ஷன். ஸ்விஃப்ட் பேக்கேஜ் மேனேஜர் பயன்படுத்தினால் ஒரே டார்கெட்டில் இரண்டு மொழியையும் கலக்க முடியாது, இதற்குத் தனி டார்கெட் வேண்டும். பிளாக்குக்குள் எக்செப்ஷன் எழுப்பும் அந்த ஒரே ஒரு கூப்பிடுதல் மட்டும் இருக்கட்டும். உங்கள் ஸ்விஃப்ட் லாஜிக்கை அதற்குள் போட வேண்டாம். டெஸ்டில் மட்டும் இந்த வசதி போதும் என்றால் நிம்பிள் லைப்ரரியில் ‘ரெய்ஸ் எக்செப்ஷன்’ என்ற மேட்சர் தயாராக இருக்கிறது.

கடைசியாக உங்கள் அரே. ட்ராப்பை டெஸ்ட் செய்வதற்கு முன், அந்த இண்டெக்ஸ் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஸ்விஃப்டின் எரர் வடிவமைப்பு ஆவணம் தோல்விகளை நான்காகப் பிரிக்கிறது. ஸ்டிரிங்கை எண்ணாக மாற்ற முடியாதது போன்ற எளிய தோல்விகள். அவற்றுக்கு ஆப்ஷனல் போதும். ஃபைல், நெட்வொர்க் போன்ற, மீளக்கூடிய தோல்விகள், அவற்றுக்கு எரர். எங்கு வேண்டுமானாலும் நடக்கக்கூடிய, மெமரி தீர்வது போன்றவை. ப்ரோக்ராமரின் தர்க்கப் பிழைகள், அவற்றுக்கு ட்ராப். இண்டெக்ஸ் உங்கள் கோடே கணக்கிட்டது என்றால் எல்லை மீறல் தர்க்கப் பிழை, கணக்கிடும் ஃபங்க்ஷனை டெஸ்ட் செய்யுங்கள். சர்வரிலிருந்தோ பயனரிடமிருந்தோ வருவது என்றால், எல்லையைச் சரிபார்த்து நில் தரும் அல்லது எரர் வீசும் ஒரு ஃபங்க்ஷன் வழியாக மட்டும் அரேயைத் தொடுங்கள். அப்போது உங்கள் ‘அசர்ட் த்ரோஸ் எரர்’ எழுதியபடியே வேலை செய்யும்.

டெஸ்ட் கோடே ட்ராப்பில் விழுவதும் மிகச் சகஜம். பட்டியலில் மூன்று இருக்கிறதா என்று ஒரு அசர்ட், அடுத்த வரியில் மூன்றாவதை எடுத்து அதன் பெயரைச் சோதிக்கும் இன்னொரு அசர்ட். பட்டியலில் இரண்டுதான் இருக்கிறது என்றால் முதல் அசர்ட் ஃபெயில் ஆகும். ஆனால் எக்ஸ்சிடெஸ்ட் இயல்பாக டெஸ்டை அங்கே நிறுத்தாது, அடுத்த வரிக்குப் போகும், அங்கே ப்ராசஸ் செத்துவிடும். ஒரு எளிய தோல்வி கிராஷாக மாறிவிட்டது. ஆச்சரியக்குறிக்குப் பதில் 2019இல் எக்ஸ்கோட் 11இல் வந்த ‘எக்ஸ்சிடிஅன்ராப்’ பயன்படுத்துங்கள், எண்ணால் எடுப்பதற்குப் பதில் ஃபர்ஸ்ட், லாஸ்ட் எடுத்து அன்ராப் செய்யுங்கள். நில் என்றால் அது எரர் வீசி அந்த டெஸ்டை மட்டும் முடிக்கும். ஸ்விஃப்ட் டெஸ்டிங்கில் ‘ரிக்வயர்’ இதே வேலையைச் செய்கிறது, எண்ணிக்கைக்கும் அதையே போடலாம்.

ப்ரீகண்டிஷன் சரியாகப் பாய்கிறதா என்றே டெஸ்ட் செய்ய வேண்டும் என்றால், ஒரு லைப்ரரி எழுதுபவருக்கு அந்தத் தேவை நியாயமானது. ஸ்விஃப்ட் 6.2இல் ஸ்விஃப்ட் டெஸ்டிங்குக்கு எக்ஸிட் டெஸ்ட் வந்திருக்கிறது. கொடுத்த பிளாக்கைத் தனியாக ஒரு ப்ராசஸில் ஓட்டி, அது தோல்வியோடு முடிந்ததா என்று பார்க்கும். மேக்ஓஎஸ், லினக்ஸ், விண்டோஸில் வேலை செய்யும். ஐஓஎஸில் ஆப்கள் வேறு ப்ராசஸைத் தொடங்க முடியாது என்பதால் அங்கே கிடையாது. அதற்கு முன்பு கெர்னல் எக்செப்ஷனை இடைமறிக்கும் லைப்ரரிகள்தான் வழி. நிம்பிளின் ‘த்ரோ அசர்ஷன்’ அப்படிப்பட்டது. ‘அசர்ட்’, ‘ப்ரீகண்டிஷன்’ இரண்டையும் ஒன்றாக நினைக்கவும் வேண்டாம். அசர்ட் டீபக் பில்டில் மட்டும் பாயும், ரிலீஸ் பில்டில் அந்த நிபந்தனையைச் சோதிப்பதே இல்லை. டெஸ்டுகள் வழக்கமாக டீபக்கில் ஓடுவதால், டெஸ்டில் கிராஷ் ஆவது பயனரின் போனில் தப்பான மதிப்போடு தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கலாம்.

எது எந்த வகை என்று சந்தேகம் வந்தால் எக்ஸ்கோடின் பிரேக்பாயின்ட் பட்டியலில் ‘ஸ்விஃப்ட் எரர் பிரேக்பாயின்ட்’, ‘எக்செப்ஷன் பிரேக்பாயின்ட்’ இரண்டையும் சேர்த்துவிட்டு டெஸ்டை ஓட்டுங்கள். முன்னது த்ரோ நடக்கும் வரியிலேயே நிற்கும், பின்னது என்எஸ்எக்செப்ஷன் எழும் வரியில். இரண்டும் நிற்காமல் டீபக்கர் தானாக நின்றால் அது ட்ராப்.

டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் உங்கள் சிஐ லினக்ஸில் ஓடுகிறது என்றால் ஒரு வித்தியாசம். அங்கே ஆப்ஜெக்டிவ்-சி ரன்டைம் இல்லை, எனவே பிடிபட என்எஸ்எக்செப்ஷனும் இல்லை. மேக்கில் எக்செப்ஷன் எழுப்பும் ஃபவுண்டேஷன் இடங்கள் அங்கே பெரும்பாலும் நேராக ஃபேட்டல் எரரில் முடியும். ‘ஸ்விஃப்ட் டெஸ்ட்’ கமாண்டில் ஒரு ட்ராப் விழுந்தால் அந்த ப்ராசஸில் மீதியிருந்த டெஸ்டுகள் ஓடாது. ‘பேரலல்’ ஆப்ஷன் கொடுத்தால் ஒவ்வொரு எக்ஸ்சிடெஸ்டும் தனி ப்ராசஸில் ஓடும், செத்தது எது என்று பெயரோடு தெரியும். ஸ்விஃப்ட் டெஸ்டிங்கில் எழுதியவை ஒரே ப்ராசஸில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுபவை, அதனால் அங்கே சந்தேகப்படும் டெஸ்டை ஃபில்டர் போட்டுத் தனியாக ஓட்டிப் பாருங்கள்.